சுவரோரம் உட்காருங்க

பயப்படுகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகூட லீவு எடுக்காமல் பயப்படுகிறவர்கள் அபூர்வம். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்த அந்த அம்மாள் அப்படிப்பட்ட ஆள். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போவாள், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். இழுத்த இழுப்பில் பூட்டு விட்டுப்போயிருக்குமோ என்று இன்னொரு தடவை இழுப்பாள். லிஃப்ட் என்றால் ஆகாது. பாலம் என்றால் ஆகாது. பக்கத்து வீட்டு நாய் குட்டியாக இருந்த காலத்திலேயே ஆகாது. வீட்டுக்காரர் எலெக்ட்ரீஷியன், கரண்ட் கம்பியோடு கொஞ்சிக் குலாவுகிற மனுஷன். அவர் பெண்டாட்டிக்கு வைத்திருந்த பட்டப்பெயர் சைரன்.

அந்தப் பெயர் சும்மா வரவில்லை. மகள் சின்னப் பெண்ணாக இருந்தபோது பள்ளிக்கூட ஆண்டு விழாவில் நிலா வேஷம் போட்டாள். நிலாவைச் சுற்றி மேகம் வேண்டும் என்று எந்தப் புண்ணியவானோ மேடைக்குப் பின்னால் புகை போட்டார். முன்வரிசையில் இருந்த இவள் புகையைப் பார்த்தாள். அவ்வளவுதான், "நெருப்பு! நெருப்பு!" என்று அடிவயிற்றிலிருந்து ஒரு கத்தல். கூட்டம் எழுந்து ஓட்டம் பிடித்தது. நாற்காலிகள் கவிழ்ந்தன, வாசலில் நெரிசல், ஒரு டீச்சருக்குக் கை முறிந்தது. எல்லோரும் ஓடிப்போன பிறகு மேடையில் நிலா மட்டும் தனியாக நின்று அழுதுகொண்டிருந்தது.

மகள் அதை மறக்கவில்லை. படித்து, வேலைக்குப் போய், கல்யாணமாகி, கைக்குழந்தைக்காரியான பிறகும் மறக்கவில்லை. நாலு பேர் கூடுகிற இடத்துக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகமாட்டாள், அம்மா கூப்பிட்டாலும் வரமாட்டாள். இவளும் அதற்கப்புறம் கூட்டத்தில் வாயைத் திறந்ததில்லை. பயம் குறைந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். சத்தம்தான் உள்ளே போயிற்று, பயம் அப்படியேதான் இருந்தது.

இப்படிப்பட்டவள் வட்டார ஆய்வுக் கழகத்துக்கு எப்படிச் செயலாளர் ஆனாள் என்று கேட்பீர்கள். மாட்டேன் என்று சொல்லப் பயந்துதான். கண்ணாடிக் கடை முதலாளி அந்தக் கழகத்தில் உறுப்பினர். ஒருநாள் கழுத்துவலி என்று தனக்குப் பதிலாக இவளை அனுப்பினார். அன்றைக்குப் பார்த்துப் பழைய செயலாளர் பதவியை விட்டுவிட்டார். "உங்க கையெழுத்து முத்து முத்தா இருக்குமாமே" என்று தலைவர் கேட்டார். இவள் தலையை இப்படியும் இல்லாமல் அப்படியும் இல்லாமல் ஆட்டினாள். சம்மதம் என்று கைதட்டிவிட்டார்கள். அன்றிலிருந்து ஆண்டறிக்கையை எழுதுகிறவள் இவள், எழுந்து நின்று வாசிக்கிறவர் தலைவர்.

கழகம் கூடுகிற இடம் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே இருந்த மாடி. மரப்பலகை போட்ட தரை, உயரமான ஜன்னல்கள், மூலையில் ஒரு இரும்பு பீரோ. அந்த பீரோக் கதவைத் திறக்க உதைக்க வேண்டும், அப்படி இறுகிக்கிடக்கும். அங்கே ஒரு பழக்கம் உண்டு. எல்லோரும் சுவரை ஒட்டித்தான் நாற்காலி போட்டு உட்காருவார்கள். தெரியாமல் யாராவது நடுவில் இழுத்துப் போட்டால், "சுவரோரம் உட்காருங்க" என்று நாலு பக்கமிருந்தும் குரல் வரும். ஏன் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ஸ்தாபகர் காலத்துப் பழக்கம். தலைவர் கல்லூரியில் பூகோளம் நடத்தி ஓய்வு பெற்றவர், நல்ல மனுஷன், ஆனால் எதற்கும் ஒரு விளக்கம் வைத்திருப்பார். அறிவுக்கு முன்னால் அடக்கமாக நடுவிடத்தைக் காலியாக விடுவது நம் கழகத்தின் தத்துவம் என்று கட்டுரையே எழுதியிருந்தார். ஊரில் எந்தச் சுவரை எப்போது இடித்தார்கள், எந்தத் திண்ணையை எதற்குக் கட்டினார்கள் என்று புட்டுப் புட்டு வைக்கிற கூட்டம் அது. தான் உட்கார்ந்திருக்கிற மாடியை மட்டும் ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை.

ஆள் குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் ஒன்பது பேரில் வந்து நின்றது. எல்லைக்கற்களைப் பற்றித் தலைவர் படித்த கட்டுரையைக் கேட்க வந்தவர்கள் ஐந்து பேர், அதில் ஒருத்தர் மழைக்கு ஒதுங்கியவர்.

அன்றைக்குக் கண்ணாடிக் கடை முதலாளிக்குப் பொறுக்கவில்லை. "ஐயா, கோவிச்சுக்காதீங்க. நாம பேசறது நமக்கே கொட்டாவி வருது. ஊருன்னா கல்லு மட்டுமா? இப்ப இருக்கிற ஜனங்க ஊரு இல்லையா? நேத்து வந்து குடியேறினவன் ஊரு இல்லையா?" என்று பொரிந்து தள்ளினார்.

தலைவர் மோவாயைத் தடவினார். பிறகு அவரே ஒத்துக்கொண்டார். அது அவருடைய பெருந்தன்மை, சொல்லத்தான் வேண்டும். அப்புறம் ஆளாளுக்கு யோசனை வந்தது. இனிமேல் கட்டுரை வாசிப்பது கிடையாது, அவரவர் தெருவைப் பற்றி, அவரவர் வேலையைப் பற்றி அவரவரே வந்து பேசுவது. வெளியூரிலிருந்து பிழைக்க வந்தவர்கள் எப்போது வந்தார்கள், எங்கே தங்கினார்கள், அதையும் ஊர் வரலாற்றில் சேர்ப்பது. வீட்டில் கிடக்கிற பழைய போட்டோக்களை வாங்கிக் கீழே சைக்கிள் கடையில் தொங்கவிடுவது. முதல் கூட்டத்துக்கு, ரிடையரான பஸ் கண்டக்டர் ஒருவர், ஊரின் பழைய பஸ் தடங்களைப் பற்றிப் பேசுவார்.

சைக்கிள் கடைக்காரர் உற்சாகமான ஆள். கடையைக் காலி பண்ணி, கழுவிவிட்டுக் கொடுத்தார். நடுவில் மட்டும் ஒரு மரத்தூண் வழியை மறித்துக்கொண்டு நின்றது. அதில் ஆணி அடித்து டயர் மாட்டியிருப்பார். தலைவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு தூணைச் சுற்றிச் சுற்றி வந்தார், தட்டிப் பார்த்தார், நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"இது அசல் கட்டடத்தைச் சேர்ந்தது இல்ல. மரமே வேற. பிற்காலச் சேர்க்கை. எடுத்துடலாம். வர்றவங்க கட்டடத்தோட உண்மையான அமைப்பைப் பார்க்கட்டும்."

"எங்க அப்பா வெச்சது சார். இதைத் தொடாதேடான்னு சொல்லுவார்" என்று கடைக்காரர் இழுத்தார்.

"டயர் மாட்ட இடம் வேணும்னு சொல்லியிருப்பார்."

ஒட்டடை அடித்துக்கொண்டிருந்த இவள் கையிலிருந்த கோலை இறக்கினாள். "அவரு ஏன் வெச்சாருன்னு தெரியாம..." என்று ஆரம்பித்தாள்.

"செயலாளரம்மாவுக்குத் தூணைப் பார்த்தாலும் பயம்!" என்றார் முதலாளி. எல்லோரும் சிரித்தார்கள். இவளும் சிரித்தாள், வேறென்ன செய்வாள் பாவம். சம்மட்டியால் நாலு அடி விழுந்தது. தூண் சட்டென்று வரவில்லை, மேலே எதுவோ பிடித்து வைத்திருந்தது போல முரண்டு பிடித்து, பிறகு வந்தது. வந்தபோது கூரை லேசாக முனகியது. அது அவள் காதில் மட்டும் விழுந்ததா, மற்றவர்கள் காதிலும் விழுந்து அவர்கள் பொருட்படுத்தவில்லையா, தெரியாது.

அழைப்பு வேலை இவள் தலையில் விழுந்தது. முகம் தெரியாதவர்களிடம் போய் வாங்க என்று சொல்லப் பயம். யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள். புதுக் கண்ணாடி வாங்க வருகிறவர்களுக்குப் போட்டுவிட்டு, எழுத்து தெரிகிறதா என்று படிக்க ஒரு அட்டை கொடுப்பது கடை வழக்கம். இவள் அந்த அட்டைக்குப் பதிலாகக் கூட்ட அழைப்பிதழை நீட்டினாள். "படிங்க" என்பாள். அவர்கள் தலைப்பிலிருந்து கடைசி வரி வரை சத்தமாகப் படிப்பார்கள். "ஓ, பழைய பஸ்ஸைப் பத்தியா?" என்று அவர்களே கேட்பார்கள். அதோடு இவள் வேலை முடிந்தது. எழுத்துக் கூட்டிப் படித்த கிழவர் முதல், பரீட்சைக்குக் கண்ணாடி போட்ட பெண்பிள்ளை வரை, ஊரே அவள் கையிலிருந்து வாங்கி அந்த அழைப்பிதழைப் படித்துவிட்டது.

மகளுக்கும் ஒன்று அனுப்பினாள். வருவாள் என்று நினைக்கவில்லை. கூட்டத்தன்று மத்தியானம் மகள் குழந்தையோடு வாசலில் வந்து நின்றபோது இவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"அம்மா, ஒண்ணே ஒண்ணு" என்றாள் மகள். "இன்னிக்கு ஒரு நாளாவது எதையாவது பார்த்துப் பயந்து ஊரைக் கூட்டாம இரு. எனக்காக. என் ஆபீஸ்ல இருந்துகூட ரெண்டு பேர் வர்றாங்க."

"மூச்சுக் காட்டமாட்டேன்" என்று குழந்தையின் தலையைத் தொட்டுச் சொன்னாள்.

காலையெல்லாம் யாரும் வராமல் போய்விடுவார்களோ என்று பயந்துகொண்டிருந்தாள். மூன்று மணிக்கு மேல் வந்துகொண்டே இருக்கிறார்களே என்று பயந்தாள். படியில் ஆள், வாசலில் ஆள், எல்லோர் மூக்கிலும் அவள் மாட்டிவிட்ட கண்ணாடி. சுவரோர நாற்காலிகள் நிரம்பின. தலைவருக்கு ஆனந்தம் தாங்கவில்லை. எழுந்து நின்று, "இன்னிக்குப் பழக்கத்தைக் கொஞ்சம் தளர்த்துவோம். நடுவுலயும் உட்காருங்க. கழகம் விரிவடையுது!" என்றார். கைதட்டல் எழுந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து இரவல் வாங்கிய நாற்காலிகள் நடுவில் வரிசை வரிசையாக விழுந்தன. கொஞ்ச நேரத்தில் எள் விழ இடமில்லை. மகள் சரியாக நட்டநடுவில், மின்விசிறிக்குக் கீழே, குழந்தைக்குக் காற்று வரட்டும் என்று உட்கார்ந்தாள்.

கண்டக்டர் பேச ஆரம்பித்தார். சும்மா சொல்லக் கூடாது, மனுஷன் கூட்டத்தைக் கையில் வைத்திருந்தார். எந்த நிறுத்தத்தில் யார் ஏறுவார்கள், எந்தப் பாட்டியம்மா கோழிக்கூடையோடு வந்து டிக்கெட் எடுக்கமாட்டேன் என்று அடம்பிடிப்பாள் என்று சொல்லச் சொல்லச் சிரிப்பு அலை அலையாக எழுந்தது. நூறு பேர் சேர்ந்து சிரித்தால் தரை குலுங்கும். குலுங்கியது.

அப்போதுதான் இரும்பு பீரோவின் கதவு தானாகத் திறந்தது.

இவள் மூலையில் நின்றுகொண்டிருந்தாள். உதைத்தால்தான் திறக்கிற கதவு. மெதுவாகச் சாத்தினாள். அது மறுபடி, நடுக்கூடத்தைப் பார்த்து, சோம்பேறித்தனமாக ஆடிக்கொண்டு திறந்தது. ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை, வாக்குக் கொடுத்திருக்கிறாய் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, டீக்குக் கோப்பைகள் எடுத்து வருகிற சாக்கில் கீழே இறங்கினாள்.

கீழே கடையில் போட்டோக்கள் கூரைப் பலகைகளிலிருந்து நூலில் தொங்கிக்கொண்டிருந்தன. காலையில் அவளே ஏணியில் ஏறிக் கட்டியது, ஏணிக்குப் பயந்து வேர்த்து விறுவிறுத்துக் கட்டியது. நடுவில் இருந்தது பெரிய சட்டம் போட்ட படம், படியிலும் கூரையிலும் ஆட்கள் தொற்றிக்கொண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து போகிற பழைய பஸ். அதை மேசைக்கு மேலே ஒரு விரல் இடைவெளி விட்டுத் தொங்கவிட்டிருந்தாள். விரலை நுழைத்து அளந்து பார்த்திருந்தாள். இப்போது அந்தப் படம் மேசைமேல் நின்றுகொண்டிருந்தது. நூல் தொய்ந்து தொங்கியது. ஓரத்தில் இருந்த படங்கள் எல்லாம் அப்படியே இருந்தன. மேசைமேல் மாவு தூவியதுபோல மரத்தூள்.

நிமிர்ந்து பார்த்தாள். தூண் இருந்த இடத்தில் கூரையில் ஒரு வெளுத்த சதுரம். மேலே சிரிப்புச் சத்தம். இன்னும் கொஞ்சம் தூள் உதிர்ந்து அவள் கண்ணாடியில் விழுந்தது.

கத்தல் தொண்டை வரை வந்துவிட்டது. வாயைத் திறந்தேவிட்டாள். நிலா வேஷம் போட்ட குழந்தை கண்முன் வந்து நின்றது. அதைவிட அந்த நாற்காலிகள், அந்த ஓட்டம். கத்தினால் ஓடுவார்கள். அத்தனை பேரும் ஒரே நேரத்தில் எழுந்து, ஒரே பக்கமாக, திடுதிடுவென்று ஓடுவார்கள். மாடிக்குத் தரையாக இருக்கிற இந்தக் கூரை அதைத் தாங்குமா? கையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். கையை மீறி ஒரு விசும்பல் வந்தது.

கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "என்னம்மா?"

"கடைக்குள்ள இருக்கிறவங்களை வெளிய அனுப்பிடுங்க. யாரையும் உள்ள விடாதீங்க. மேலயும் விடாதீங்க. காரணம் கேக்காதீங்க" என்றாள். அவளுடைய முகத்தில் ஈயாடவில்லை. கடைக்காரர் காரணம் கேட்காமல் சொன்னபடி செய்தார்.

மேலே ஏறினாள். முதலில் சுவரோரமாகவே போய்த் தலைவரின் காதில் சொன்னாள்.

"தரை இறங்குதுங்க. எல்லாரையும் வெளிய அனுப்பணும்."

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்த முகம் மாறாமல் சொன்னார்: "அம்மா, கை எடுத்துக் கும்பிடறேன். இன்னிக்கு வேணாம். இத்தனை வருஷத்துக்கப்புறம் இன்னிக்குத்தான் ஆள் வந்திருக்காங்க. இப்ப கலைச்சா இனி ஒருத்தன் வரமாட்டான்."

அதுவும் உண்மைதான். இது எப்போதும் வருகிற பயம்தானோ என்று அந்த நேரத்திலும் அவளுக்குச் சந்தேகம் வந்தது. பூட்டு, பாலம், நாய்க்குட்டி, இப்போது தரை. நடுவில் மகள் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்று கண்ணாலேயே எச்சரித்தாள். குழந்தை அவள் தோளில் வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தது.

இவள் கண்டக்டரிடம் போய் மைக்குக்குக் கையை நீட்டினாள். காலமெல்லாம் ஆட்களின் முகத்தைப் பார்த்தே டிக்கெட் கிழித்த மனுஷர் அவர். மைக்கைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, "எவ்வளவு அவசரம்மா?" என்று மெல்லக் கேட்டார்.

"ரொம்ப. ஆனா யாரும் ஓடக் கூடாது."

"சரி" என்று மைக்கைக் கொடுத்தார்.

நூறு மூக்குக்கண்ணாடிகள் அவளைப் பார்த்தன. இரண்டு தடவை வாயைத் திறந்து மூடினாள். யாரோ இருமினார்கள்.

"எல்லாருக்கும் வணக்கம்" என்றாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை. "ஐயா சொல்ற பழைய பஸ் ஸ்டாண்ட், இந்த ஜன்னலுக்கு எதிர்லதான் இருந்தது. மிச்சக் கதையை அங்கேயே போய்க் கேக்கப்போறோம். அவசரமே இல்ல. நடுவுல உட்கார்ந்திருக்கிறவங்க முதல்ல, ஒவ்வொருத்தரா. நாற்காலி அங்கேயே இருக்கட்டும். எங்க கழகத்துல ஒரு பழக்கம் உண்டு, நடக்கிறதும் சுவரோரமாத்தான் நடக்கணும்."

"இது நிகழ்ச்சி நிரல்லயே இல்லையே!" என்றார் தலைவர்.

கண்டக்டர் அவரைப் பேச விடவில்லை. "வாங்க வாங்க, இறங்கறவங்க மட்டும் எழுந்திரிங்க! முண்டாதீங்க! முன்னால போற அம்மாவுக்கு வழி விடுங்க! சார், உங்களைத்தான், அந்த வரிசை இன்னும் டிக்கெட்டே வாங்கல, உட்காருங்க!" என்று குரல் கொடுத்தார். கூட்டம் சிரித்தது. சிரித்துக்கொண்டே பஸ்ஸிலிருந்து இறங்குகிற மாதிரி ஒழுங்காக எழுந்து, சுவரை ஒட்டிப் படியை நோக்கிப் போனது. பாதிப் பேர் போயிருப்பார்கள், தரை நீளமாக ஒரு தடவை முனகியது. எல்லோரும் அப்படியே நின்றுவிட்டார்கள்.

"பழைய வண்டி, முனகத்தான் செய்யும். போங்க போங்க" என்றார் கண்டக்டர். அவர் நெற்றியில் வேர்வை ஓடியது.

மகள் மட்டும் எழுந்திருக்கவில்லை. சுற்றிலும் காலி நாற்காலிகள், நடுவில் அவளும் குழந்தையும். அம்மா பக்கம் திரும்பவே இல்லை. முகம் சிவந்திருந்தது.

இவள் மைக்கை வைத்துவிட்டு நடுவை நோக்கி நடந்தாள். பாலத்தில் கால் வைக்கப் பயந்தவள், அந்தப் பலகைகளில் ஒவ்வொரு அடியாக வைத்து நடந்தாள். ஓர் இடத்தில் பலகை காலுக்குக் கீழே மெத்தை போல இறங்கிக்கொடுத்தது.

"குழந்தை இப்பத்தான் தூங்குது" என்றாள் மகள், பல்லைக் கடித்துக்கொண்டு. "மறுபடியும் ஆரம்பிச்சுட்டியா? சத்தியம் பண்ணினியே அம்மா. என் தலையெழுத்து. போ, நீங்க எல்லாரும் போங்க, நான் இங்கயே இருக்கேன்."

"என்னை அப்புறம் திட்டு. எவ்வளவு வேணும்னாலும் திட்டு. இப்ப எழுந்து, மெதுவா அந்தச் சுவர்ப் பக்கம் போ. நான் உன்கூட வரமாட்டேன், ரெண்டு பேர் கனம் சேரக் கூடாது. நீ போனப்புறம் நான் வர்றேன்."

குரல் உயரவில்லை. கை ஆட்டவில்லை. மகளுக்குத் தெரிந்த அம்மா இந்நேரம் கத்திக் கூப்பாடு போட்டு ஊரைக் கூட்டியிருப்பாள். இந்த அம்மா தாழ்ந்த குரலில், ஒரு மாதிரி கெஞ்சலாகப் பேசிக்கொண்டு நின்றாள், கன்னத்தில் கண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது. அம்மா கத்தாததுதான் மகளைப் பயமுறுத்தியது. குழந்தையை இறுக்கிக்கொண்டு எழுந்தாள், சுவரோரமாக நடந்தாள்.

மகள் படியில் இறங்குகிற வரைக்கும் இவள் அங்கேயே நின்றாள். பிறகு நடந்தாள். கடைசியாக வந்தவர் தலைவர், தன் நிகழ்ச்சி நிரலைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு, கோபத்தோடு.

தெருவில் கூட்டம் அமோகமாக நடந்தது. கண்டக்டர் பேசப் பேச, கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள், போகிறவர்கள் நின்றார்கள், பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் பஸ்ஸை விட்டுவிட்டார்கள். அழைப்பிதழ் படிக்காதவர்கள்தான் இப்போது அதிகம். வேற்றூரிலிருந்து கட்டட வேலைக்கு வந்த ஒரு பெண், முதன்முதலில் இந்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பிப் போய்விடலாமா என்று அழுத கதையைச் சொன்னாள். முதலாளி ஓடி ஓடி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

இவள் எதிர்ப்பக்கச் சுவரில் சாய்ந்து மாடி ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். விழவில்லை. ஐந்து மணியாயிற்று, விழவில்லை. விழுந்து தொலைக்கக் கூடாதா என்று ஒரு கணம் தோன்றியது. அப்படித் தோன்றியதை நினைத்துத் திடுக்கிட்டுப்போனாள். மாடிப் பூட்டைக்கூட இழுத்துப் பார்க்காமல் அன்றைக்கு வீட்டுக்குப் போனாள்.

"நூல் இளகியிருக்கும், அதுக்குப் போய்..." என்று தலைவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர், "இன்னிக்கு சைரன் சத்தமே இல்லாம அடிச்சிருக்கு" என்றார். மகள் சிரிக்கவில்லை. போகும்போது வாசலில் நின்று கேட்டாள்:

"அம்மா, நிஜமாவே விழும்னு தெரிஞ்சுதா, இல்ல எப்பவும் வர்ற பயமா?"

"தெரியலடி" என்றாள். "எனக்கு ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்."

மறுநாள் காலையில், அவளுடைய தொந்தரவு தாங்காமல், கடைக்காரர் ஒரு கட்டட மேஸ்திரியைக் கூட்டி வந்தார். தலைவரும் வந்திருந்தார், மகளும் வந்திருந்தாள். மேஸ்திரி வெற்றிலை போட்ட வாயோடு, "இதுக்குப் போயா?" என்று சிரித்துக்கொண்டே கூடத்தின் நடுவுக்கு விறுவிறுவென்று நடந்துபோனார். இரண்டு பலகையைக் கடப்பாரையால் நெம்பி எடுத்தார். மண்டியிட்டுக் கையை உள்ளே விட்டுத் தடவினார். தடவிக்கொண்டே இருந்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

எழுந்தார். கடப்பாரையை எடுக்காமல் அங்கேயே விட்டுவிட்டு, பக்கவாட்டில் சுவரை நோக்கிப் பின்வாங்கினார். முதுகு சுவரில் பட்ட பிறகு, சுவரைத் தடவிக்கொண்டே அடி அடியாக வாசலுக்கு வந்தார்.

"உத்தரம் நடுவுல ரெண்டாப் பிளந்து நிக்குது. பழைய பிளவு. என் கையே உள்ள போகுது" என்றார். "கீழ யாரோ முட்டுக் குடுத்து வெச்சிருந்த அடையாளம் இருக்கே, அந்தத் தூண் எங்க?"

தலைவர் படியில் உட்கார்ந்துவிட்டார். மகள் குழந்தையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினாள், திறந்து கிடந்த வாசல் வழியாக நடுக்கூடத்து நாற்காலியைப் பார்த்தாள். மின்விசிறிக்குக் கீழே அது இன்னும் அங்கேயேதான் இருந்தது.

கழகத்தின் அடுத்த கூட்டத்தைப் பழைய பஸ் டிப்போவில் வைத்தார்கள். அதற்கப்புறம் ஒவ்வொரு கூட்டமும் ஒவ்வோர் இடத்தில், யாருடைய கதையோ அவர்களுடைய இடத்தில். டிப்போவுக்கு மகள் சீக்கிரமே வந்துவிட்டாள். நாற்காலிகள் எல்லாம் காலியாக இருந்தன. உட்காராமல் குழந்தையோடு நின்றாள்.

"அம்மா, நான் எங்க உட்காரட்டும்?" என்று கேட்டாள்.

இவள் தகரக் கூரையைப் பார்த்தாள். தூண்களை ஒவ்வொன்றாகப் போய்த் தொட்டுப் பார்த்தாள். தரையைக் காலால் அழுத்திப் பார்த்தாள், வாசல் எந்தப் பக்கம் என்று பார்த்தாள். மகள் அவசரப்படுத்தாமல் காத்திருந்தாள்.

"இங்க உட்காரு" என்றாள் கடைசியில். மகள் உட்கார்ந்தாள்.